தஹாபில் குருவைத் தேடி

ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து வடக்கே

ஸினாய்த் தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள ஷர்ம் எல் ஷேக் நகரத்து ஹோட்டல்களும், தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்த்த அவற்றின் புல்வெளிகளும் கண்ணுக்கு மறைந்த மாத்திரத்தில், சாலையின் இரு மருங்கிலும் மலைகள் வந்து நின்றுகொள்கின்றன. மரமென்றும் செடியென்றும் சொல்ல ஒன்றுமில்லாத, காவி நிறமும் சாம்பல் நிறமும் மாறி மாறி ஓடும் வெறுங் கல்மலைகள். மேகம் தங்கும் குற்றாலத்தையும் பொதிகையையும் மலை என்று எண்ணிப் பழகியவனுக்கு, இந்த வறண்ட பிரதேசத்தின் ஓரத்தில்தான் உலகத்தின் மிகத் தெளிந்த கடல்களில் ஒன்று இருக்கிறது என்பது முதலில் விபரீதமாகவே தோன்றும். ஆனால் தெளிவுக்குக் காரணமே அந்த வறட்சிதான். நதி ஒன்றும் வந்து விழாததால் வண்டல் இல்லை. மேலும், ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் பிரித்துக்கொண்டு போகும் பூமியின் பெரும் வெடிப்பின் மீதே அக்கபா வளைகுடா கிடப்பதால், கரையிலிருந்து சில எட்டு வைத்தாலே ஆழம் ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் அது 1,800 மீட்டரையும் தாண்டுகிறது. எங்கள் பாக் விரிகுடாவிலோ மணிக்கணக்காகப் படகோட்டினாலும் 15 மீட்டர் ஆழம் கிடைப்பது அருமை.

காரை ஓட்டியவர் நைல் நதியின் கழிமுகத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். என்னை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “யா பாஷா” என்று விளித்துப் பேசிய அந்த மனிதர், தமக்கு நீந்தத் தெரியாது என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். நான் வந்த காரியம் என்ன என்று கேட்டார். கடலுக்கடியில் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கும் வித்தையைக் கற்க வேண்டும், அதற்கு முன் அதைக் கற்பிக்கத் தகுந்த ஓர் ஆசிரியரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். குழந்தைகளுக்குப் பலூன் ஊதும் வாயுவையா என்று கேட்டுவிட்டு, அடுத்த சோதனைச் சாவடி வரும்வரை தமக்குத் தாமே சிரித்துக்கொண்டு வந்தார்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால், கடலடியில் 53 மீட்டர் ஆழத்தில், ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. விமானங்களைத் தாங்குவதற்கென்றே முதன்முதலில் திட்டமிட்டு வரையப்பட்ட அந்தக் கப்பலை, 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. முந்நூறுக்கும் அதிகமானோர் அதனுடன் போயினர். அதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பொழுதுபோக்காகக் கடலுக்கடியில் மூழ்கிக் குளிப்பவர்களுக்கு விதித்த எல்லை 40 மீட்டர். மிச்சமுள்ள 13 மீட்டரைக் கடப்பதற்கு என்ன படிக்க வேண்டும், யாரிடம் படிக்க வேண்டும் என்ற விசாரமே என்னை இந்த மலைகளுக்கு நடுவே கொண்டுவந்து சேர்த்தது.

அஸ்ஸலா

அந்த மலைகளைக் கடந்து நான் வந்து சேர்ந்த, அக்கபா வளைகுடாக் கரையிலுள்ள தஹாப் ஊரின் வடபகுதிக்கு அஸ்ஸலா என்று பெயர். முஸெய்னா என்னும் பெதூயின் குலத்தாரின் பழைய குடியிருப்பு. இன்று அவர்களுடைய வீடுகளுக்கு இடையிடையே ருஷ்யர்களும் ஜெர்மானியர்களும் கெய்ரோவிலிருந்து இளைப்பாற வந்த எழுத்தாளர்களும் வசிக்கிறார்கள். ஆடுகள் தெருவில் அட்டைப் பெட்டிகளைத் தின்றுகொண்டு திரிகின்றன. கடற்கரையோரம் நடந்தால் மூன்று கடைக்கு ஒன்று குளிப்புப் பள்ளி. வாசலில் ரப்பர் உடைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. எதிர்க்கரையில் ஸவூதி அரேபியாவின் மலைகள் மாலையில் செம்மை ஏறிக் கிட்டத்தில் வந்துவிட்டாற்போல நிற்கும்.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் அவரைக் குலத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பயற்றை இரவெல்லாம் வேகவைத்து மசித்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சீரகமும் சேர்த்து, ரொட்டியுடன் உண்கிறார்கள். ‘ஃபூல்’ என்று பெயர். அதே பயற்றை அரைத்துக் கொத்துமல்லித் தழை கூட்டிப் பொரித்தால் ‘தஅமியா’. நம் மசால்வடைக்கு அது நிச்சயமாக உறவு. மத்தியான்னத்தில் ‘கொஷரி’. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, வறுத்த வெங்காயம் எல்லாம் ஒரே கிண்ணத்தில். இது இந்தியக் கிச்சடியின் வழித்தோன்றல் என்று சொல்பவர்கள் பலர். சோற்றின் மேல் மக்ரோனியைப் போடும் துணிவு எந்தக் கிச்சடிக்கு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் குளித்துவிட்டு வந்த பசிக்கு அதைக் காட்டிலும் பொருத்தமான உணவை நான் கண்டதில்லை.

முதலில் நான் போன பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் தலைவர் உபசாரத்தில் குறை வைக்காதவர். காற்றிலேயே 55 மீட்டர் வரை இறங்கும் பாடம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளும்படியும், அதனால் ஆழத்தின் மயக்கத்துக்கு உடம்பு பழகிப்போகும் என்றும், ஹீலியத்தின் விலை இன்று இருக்கும் நிலையில் அதை அவசரமாகத் தேட வேண்டியதில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். அவர் சொன்னதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை; அத்தகைய பாடம் பெயர்பெற்ற நிறுவனங்களின் திட்டங்களிலேயே இருக்கிறது; டி.டி.ஐ. என்ற நிறுவனம் காற்றில் 55 மீட்டருக்கு ஒரு சான்றிதழும், ஹீலியக் கலவையில் 60 மீட்டருக்கு வேறொன்றும் வழங்குகிறது. ஆயினும், அவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கடல் ஒரு வாயுமண்டலத்தின் பளுவை நம் மீது ஏற்றுகிறது. 53 மீட்டரில் மொத்தம் 6.3 மடங்கு அழுத்தம். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அத்தனை மடங்கு செறிந்து உள்ளே போகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன் அந்தச் செறிவில் மதுவைப்போல் புத்தியை மந்தமாக்கும். பழக்கத்தினால் மயக்கம் குறைந்ததாகத் தோன்றுமேயன்றி, கையும் புத்தியும் வேகம் பெறுவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர்களின் முடிவு; தன் மயக்கத்தை அறியாத மயக்கம் அறிந்ததைவிடப் பொல்லாதது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதோடு நிற்கவில்லை. அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமாகிவிடுகிறது. 5.2 கிராமுக்குள் இருப்பது உத்தமம், 6.2 கிராமைத் தாண்டினால் அபாயம் என்று உடலியல் நிபுணர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். பானகத்துக்கென்று வைத்த குழலில் கூழை உறிஞ்சுகிற கஷ்டம் நுரையீரலுக்கு ஏற்படுகிறது. உள்ளே உண்டாகும் கரியமில வாயு முழுவதும் வெளியேறாமல் தங்கி, மயக்கத்தை இரட்டிப்பாக்கி, காரணமற்ற திகிலையும் கிளப்பிவிடுகிறது.

இதற்கு மாற்று, நைட்ரஜனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மயக்கமும் கனமுமற்ற ஹீலியத்தை அந்த இடத்தில் வைப்பது. பிராணவாயு 18 சதவிகிதம், ஹீலியம் 45 சதவிகிதம், மீதி நைட்ரஜன் என்ற கலவையுடன் 53 மீட்டரில் இருப்பவனுடைய புத்தி, காற்றுடன் 25 மீட்டரில் இருப்பவனுடைய புத்திக்குச் சமம். அடர்த்தியும் 5 கிராமுக்குத் தணிந்துவிடுகிறது. அந்த ஹீலியம் முதன்முதலில் மனிதக் கண்ணுக்குத் தட்டுப்பட்டது பூமியிலன்று, சூரியனில் என்பதும், 1868 ஆகஸ்டு 18-ஆம் தேதி கிரகணத்தின்போது அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் ஜான்ஸன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி உட்படப் பலர் சூரிய ஒளியை ஆராய்ந்த சமயத்தில்தான் அதன் மஞ்சள் கோடு புலப்படத் தொடங்கிற்று என்பதும், பூமியில் அது கைக்கு அகப்பட 1895 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாத விஷயங்கள்.

விடைபெறும்போது, சமீபத்தில் எந்தக் குளிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பினீர்கள் என்று அந்தத் தலைவரைக் கேட்டேன். அப்படி ஒன்றும் தம் அநுபவத்தில் நேர்ந்ததில்லை என்றார்.

லைட்ஹவுஸ்

கலங்கரை விளக்கத்தின் பெயரைத் தாங்கிய இந்தச் சிறிய விரிகுடாவில் மணல் மெல்லச் சரிந்து இறங்குகிறது. தஹாபில் கற்பவர் எல்லோரும் இங்கேதான் முட்டிபோடுகிறார்கள். ஆனால் அடுத்து நான் போன பள்ளியின் உபாத்தியாயினி தம் மாணவர்களை முட்டிபோட விடுவதே இல்லை. முதுகில் இரட்டை உருளைகளையும், இடப்பக்கம் ஒரு தனி உருளையையும் கட்டிக்கொண்டு, ஆறு மீட்டர் ஆழத்தில், தரையையும் தொடாமல் மேலேயும் எழாமல், கிடைமட்டமாக நின்றபடியே எல்லா அப்பியாசமும் நடக்க வேண்டும். தலைக்குப் பின்னாலுள்ள வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறப்பது, தோழனுக்கு நீண்ட குழாயைக் கொடுப்பது, முகமூடியைக் கழற்றி மாட்டுவது, இவை முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கரையில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு நீர்க்குமிழிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. இவ்வளவு செலவு செய்துகொண்டு வந்து ஆறு மீட்டரிலா என்று அவருடைய மாணவர்களுள் ஒருவரான மருத்துவர் என்னிடம் அலுத்துக்கொண்டதுண்டு.

அம்மையாரின் விடை வேறு விதமாக இருந்தது. ஆழத்தில் கழிவது 20 அல்லது 25 நிமிஷம். ஏறி வருவதற்கு அதைவிட அதிகம். உடம்பில் கரைந்த வாயு அவசரமில்லாமல் வெளியேறும்பொருட்டுப் படிப்படியாக நின்று ஏற வேண்டும் என்று ஹால்டேன் என்பவர் ஆடுகளைக் கொண்டு சோதித்து 1908-இல் கண்டுரைத்தார். 21 மீட்டருக்கு வந்ததும் பாதி பிராணவாயுவுள்ள உருளைக்கு மாற வேண்டும். ஆறு மீட்டரில் தனிப் பிராணவாயு. அந்தத் தனிப் பிராணவாயுவை மறதியாக 40 மீட்டரில் வாயில் வைத்தவன் வலிப்புக் கண்டு இறப்பான். ஆகவே இந்த வித்தையில் பெரும்பகுதி ஆறு மீட்டரில்தான் நடக்கிறது என்றும், அங்கே அசையாமல் நிற்கத் தெரியாதவனுக்கு ஆழத்தைக் கற்பிப்பது பாவம் என்றும் அவர் சொன்னார். 2005-இல் நூனோ கோமெஸ் என்பவர் இதே தஹாப் கடலில் 318 மீட்டர் ஆழத்தைத் தொட்டபோது, இறங்குவதற்கு ஏறக்குறைய 14 நிமிஷமும் ஏறுவதற்குப் பன்னிரண்டு மணிக்கு மேலும் சென்றன. தலைவரிடம் கேட்ட கேள்வியை இவரிடமும் கேட்டேன். உடனே ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, பாதியில் திரும்பிய குளிப்புகளைத் தேதியுடன் காட்டினார்: ஒன்று விளக்கு அணைந்ததால், ஒன்று மாணவனின் முகம் பிடிக்காததால், ஒன்றுக்குக் காரணமே எழுதியிருக்கவில்லை.

அம்மையாருடைய பள்ளியின் பின்புறத்தில், காற்றை அழுத்தி நிரப்பும் இயந்திர அறையில் நான் கண்ட மனிதர் என் நினைவில் இவரைக் காட்டிலும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறார். ஸூயஸ் கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வாயு கலக்கும் வேலையைப் பல வருஷமாகச் செய்பவர். 200 பார் உருளை ஒன்றை அவர் கலந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஹீலியம் 90. அதன்மேல் பிராணவாயு 16. மீதியை அழுத்தியின் காற்று நிரப்பும். பிராணவாயுவை விடும்போது அவர் வால்வைத் திருகியது கண்ணுக்கே தெரியவில்லை. வேகமாக விட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். பிறகு ஆறும்வரை தேநீர். அதன்பின் அவரே சோதித்தார். ஆனால் தம் சோதனையைச் சான்றாக அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. குளிக்கப் போகிறவன் தன் கையாலேயே வாயுமானியை வைத்துப் பார்த்து, சதவிகிதத்தையும், இறங்கத் தக்க ஆழத்தையும், தன் பெயரையும் ஒரு நாடாவில் எழுதி உருளையில் ஒட்டி, பெரிய பேரேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் உருளை அறையை விட்டு வெளியே போகும். அவசரப்பட்ட ஓர் இளைஞனைப் பார்த்து அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை; பேரேட்டைத் திறந்து வைத்துவிட்டு, அவன் திரும்பி வரும்வரை அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆசிரியரின் பதக்கங்களைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பள்ளியின் பேரேட்டைப் பார்க்க வேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

புளூ ஹோல்

ஊருக்கு வடக்கே, ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாகக் குலுங்கிச் செல்லும் மண்பாதையின் முடிவில் புளூ ஹோல் என்னும் நீர்க்குழி இருக்கிறது. பவழப் பாறைக்கு நடுவே, ஏறத்தாழ வட்டமாக, கரையை ஒட்டினாற்போலவே நூறு மீட்டர் ஆழம். கருநீலம் என்று எழுதினால் போதாது. சுற்றிலும் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும் ஆழமற்ற நீருக்கு நடுவே அந்த நிறம் கண்ணைப் பிடித்து இழுக்கிறது. கரையில் ஜமுக்காளம் விரித்த தேநீர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மேலேறிச் செல்லும் பாறையில், இங்கே இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கற்பலகைகள். பல தேசத்துப் பெயர்கள், பெரும்பாலும் இளம் வயதுகள்.

மரணங்களின் காரணம் மர்மமானதன்று. குழியிலிருந்து திறந்த கடலுக்குப் போகப் பாறைக்கடியில் ஒரு வாயில் உண்டு. அதன் உச்சி சுமார் 55 மீட்டரில் இருக்கிறது; நீளம் 26 மீட்டர். நீர் மிகவும் தெளிந்திருப்பதால் தூரம் குறைவாகத் தோன்றும். மறுபக்கத்து வெளிச்சம் கூப்பிடும். ஒற்றை உருளைக் காற்றுடன் இறங்குகிறவன் அந்த ஆழத்தில் மயங்கிய புத்தியோடு வாயிலைத் தேடுகிறான். தவறவிட்டு இன்னும் கீழே போகிறான். மூச்சு வேகமாகச் செலவழிகிறது. முதற்பள்ளியின் தலைவர் ‘பழகிப்போகும்’ என்று சொன்னாரே, அதே மயக்கம்தான். ஹீலியமும் இரட்டை உருளைகளும் தோழர்களும் சேர்ந்து முறையாகச் செல்பவர்களுக்கு இதே வாயில் அழகான ஓர் உல்லாசப் பிரயாணமாகவே முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழியின் மீது குற்றமில்லை.

தேநீர்க் கடைக்காரரான பெதூயின் முதியவர் எனக்குக் கண்ணாடித் தம்ளரில் சர்க்கரை தாராளமாகப் போட்ட தேநீரில், ஹபக் என்ற மலைப் புதினாவைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. தாமாகவே சொன்னார்: இங்கே வருகிறவர்களில், வாயில் எவ்வளவு ஆழத்தில் என்று முதலில் கேட்பவனுக்குத் தாம் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி மூட்டித் தேநீர் போடுவதாகவும், அந்தத் தாமதத்தில் சிலர் மனம் மாறிப் போயிருக்கிறார்கள் என்றும். உண்மையா, கடைக்காரர் சாமர்த்தியமா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டாவது தம்ளரும் குடித்தேன்.

அன்று நான் குழியில் வாயிலுக்குப் போகவில்லை. எனக்குரிய எல்லைக்குள், பெல்ஸ் என்ற இடத்தில் பாறைப் பிளவின் வழியே இறங்கி, சுவரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சிறு மீன்களின் கூட்டத்தினூடே மிதந்து குழிக்கு வந்து சேர்ந்தேன். இடப்பக்கத்தில் அடியே இல்லை.

ராஸ் அபு கலூம்

புளூ ஹோலுக்கு அப்பால் மோட்டார்ச் சாலை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பிரதேசமான ராஸ் அபு கலூமுக்கு உருளைகளை ஒட்டகத்தின் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டுக் கடலோர மலையடிவாரமாக நடத்திச் செல்கிறார்கள். நவீன விஞ்ஞானத்தின் அழுத்தமெல்லாம் அந்தப் பிராணியின் விலாவில் டங் டங்கென்று மோதிக்கொண்டே வருவது வேடிக்கையான காட்சிதான். ஒட்டகத்தை நடத்தியவன் பதினைந்து வயதுப் பையன். போகும் வழி முழுவதும் ஹிந்தி சினிமாவைப் பற்றிப் பேசினான். நான் தமிழன் என்றால் என்ன வித்தியாசம் என்பதை அவனுக்கு விளக்க இயலவில்லை. இரவு ஓலைக் குடிசையில் தங்கினோம். அவனுடைய தகப்பனார் மாவைப் பிசைந்து தணலுக்கடியில் புதைத்து, சாம்பலைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுத்த ரொட்டியும், கரியில் சுட்ட மீனும், உப்பும் எலுமிச்சையும் அன்றைய போஜனம்.

உபாத்தியாயினியும் எங்களுடன் வந்திருந்தார். மன்னார் வளைகுடாவில் முன்பு நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி அவர் கேட்க, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குவார்கள் என்றும், 1961-க்குப் பிறகு பெரிய சலாபம் நடக்கவில்லை என்றும், மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு என்றும், தங்கை தாலியை நினைத்து அவன் கயிற்றை விடமாட்டான் என்பதே அதன் தாத்பரியம் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நெருப்பைக் கிளறிக்கொண்டே, “ஹெர்மிஸுக்கு உங்களுடன் யார் வருகிறார்?” என்று கேட்டார்.

மறுபடியும் லைட்ஹவுஸ்

இரண்டு வழிகள் இப்போது என் முன் இருந்தன. 60 மீட்டருக்குச் சான்றிதழ் தரும் கலவைப் பாடம் ஒன்று. அதில் நான் உடனே சேரலாம். அம்மையார் நடத்தும் பாடத்தின் எல்லையோ 51 மீட்டர். அவர் சார்ந்த ஜி.யு.இ. என்ற ஸ்தாபனம் 30 மீட்டருக்குக் கீழே காற்றை அறவே அநுமதிப்பதில்லை. அடிப்படைப் பாடத்தில் தேறாதவரை ஹீலியத்தின் பக்கம் விடுவதும் இல்லை. ஹெர்மிஸ் கிடக்கும் கடலடியோ 53 மீட்டர். அந்த இரண்டு மீட்டருக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் மனம் தத்தளித்தது என்பது உண்மை. ஆனால் நான் பார்க்க விரும்புவது கப்பலையேயன்றி அதன் கீழுள்ள மணலை அன்று. அவ்வளவு பெரிய கப்பலின் உடல் மணலுக்கு மேலே எழும்பித்தானே நிற்கும்! அம்மையாரிடமே படிப்பது என்று தீர்மானித்தேன்.

அவர் என் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. தனி ஆளுக்குக் கற்பிப்பதைவிட, ஹெர்மிஸில் என் பக்கத்தில் நீந்தப்போகிறவரையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை என்றும், இருவரும் அடிப்படைப் பாடத்தை முதலில் முடித்துவிட்டுக் குளிர்காலத்தில் வந்தால் ஹீலியத்தைப் பற்றிப் பேசலாம் என்றும், அதற்குமுன் பணம் கட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

தூத்துக்குடியிலிருக்கும் என் நண்பர், துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; எனக்கு மைத்துனர் முறை அல்ல. அன்றிரவே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஹீலியம் லிட்டர் என்ன விலை என்று முதலில் கேட்டார், சொன்னேன், கொஞ்சநேரம் பேச்சே இல்லை. மட்டக்களப்புக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் அமைதியாக இருக்கும், அதற்குள் முடியுமா என்றார். குளிர்காலத்தில் படித்தால் முடியும் என்றேன். அப்படியானால் வருவதாகவும், ஆனால் தினந்தோறும் ரொட்டியைத் தின்று தம்மால் காலந்தள்ள முடியாது என்றும், அந்த ஊரில் சோறு கிடைக்குமா என்பதை நன்றாக விசாரித்து எழுதும்படியும் சொன்னார். கிடைக்கும், மக்ரோனியோடு கிடைக்கும் என்று பதில் சொன்னேன்.